கணக்குப் பீரியடில் ஓவியம்

கேள்வி: பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். ஓவிய வரலாற்றை உள்ளே கொண்டுவந்தால் பாடம் பின்தங்காதா?

பதில்: டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது பழைய வழக்கம், இந்த முறை கடனைத் திருப்பிக் கொடுங்கள்! ஃபுளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் மசாச்சோ 1427 வாக்கில் வரைந்த ‘திரித்துவம்’ சுவரோவியத்தைக் காட்டுங்கள். தட்டைச் சுவருக்குள் ஆழமான மண்டபம் ஒன்று தெரியும். அதைக் கட்டிய கொத்தனார் வடிவொத்த முக்கோணம்தான். கண்ணிலிருந்து ஒரு பொருளின் தூரம் இரட்டித்தால் படத்தில் அதன் உயரம் பாதி. மும்மடங்கானால் மூன்றில் ஒன்று. ஓவியர் பியரோ டெல்லா பிரான்செஸ்கா இதை நிறுவித் தனி நூலே எழுதினார். பிறகு பிள்ளைகள் ஒற்றைக் கண்ணை மூடி, தலையை அசைக்காமல், ஜன்னல் கண்ணாடியில் மைதானத்துக் கம்பங்களை மார்க்கரால் வரையட்டும். ஸ்கேலால் அளந்ததும் தேற்றத்தை அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.