வலப்பக்கம் போக இடப்பக்கம் திருப்பு!

கேள்வி: வளைவில் சைக்கிளும் உடம்பும் சேர்ந்து சாய்கின்றனவே, ஏன்?

பதில்: சாயாவிட்டால் விழுந்துவிடுவோம், அதனால்தான். ஓடுகிற எதுவும் நேராகவே போகப் பார்க்கும். அதை வளைக்க உள்பக்கமாக ஒரு விசை வேண்டும். சைக்கிளுக்கு அந்த விசையைத் தருவது தரையின் உராய்வு. அது பிடித்திழுப்பது கீழே இருக்கும் டயரை. நம் எடையோ மேலே, சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டயர் உள்ளே போக, ஆள் வெளியே கவிழ்வார். முதலிலேயே உள்பக்கம் சாய்ந்திருந்தால் புவியீர்ப்பு உள்ளே கவிழ்க்கப் பார்க்கும். இரண்டும் சரிக்குச் சரியாக மல்லுக்கட்டும் கோணத்தில் நீங்கள் விழாமல் திரும்புகிறீர்கள்.

கேள்வி: நான் கொஞ்சம் குண்டு. அதிகமாகச் சாய வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை; வேகமும் வளைவின் ஆரமும் போதும். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போனால் சாய்வு சுமார் 14 டிகிரி. அதே வளைவில் 36 கி.மீ. என்றால் 45 டிகிரி! வேகத்தின் வர்க்கம் செய்கிற வேலை அது. மோட்டோஜிபி பைக் பந்தய வீரர்கள் 60 டிகிரிக்கும் மேல் சாய்கிறார்கள்.

கேள்வி: ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பினால் வண்டி வலப்பக்கம் போகிறது. இதற்கு இவ்வளவு விளக்கமா?

பதில்: அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் வலப்பக்கம் திரும்பும் முன் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்புகிறோம். சக்கரம் இடப்பக்கம் ஒதுங்க, மேலே இருக்கும் நாம் வலப்பக்கம் சாய்கிறோம். அதன் பிறகுதான் ஹேண்டில்பார் வலப்பக்கம் வருகிறது. விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட் இதைக் கவனித்தவர். சைக்கிள் ஓட்டும் பலரிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். எடுத்த எடுப்பில் யாரும் சரியாகச் சொல்லவில்லை. கால்களும் கைகளும் கற்றுக்கொண்டதை வாய் கற்றுக்கொள்ளவில்லை! ஆளில்லாத மைதானத்தில், ஓரளவு வேகத்தில் போகும்போது வலது கைப்பிடியை உள்ளங்கையால் மெல்ல முன்னே தள்ளிப் பாருங்கள். வண்டி வலப்பக்கம் திரும்பும்.

கேள்வி: சுழலும் பம்பரம் போலச் சக்கரமே வண்டியை நிமிர்த்தி வைக்கிறது என்கிறார்களே?

பதில்: கொஞ்சம் உதவுகிறது. ஆனால் அது மட்டுமே காரணமல்ல. டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை முன்சக்கரத்தோடு சேர்த்து அந்தப் பம்பர விளைவை ரத்து செய்தார். அப்போதும் சைக்கிளை ஓட்ட முடிந்தது. 1970-இல் இதை எழுதினார். 2011-இல் கார்னெல், டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த விளைவை நீக்கிய ஒரு சிறிய சைக்கிளைத் தள்ளிவிட்டார்கள். அது ஆளில்லாமலே சமாளித்து ஓடியது. இத்தனை எளிய வண்டிக்குள் இவ்வளவு ஆழமான இயற்பியல் இருப்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

கேள்வி: ஆட்டோ ஏன் சாய்வதில்லை?

பதில்: மூன்று சக்கரம் விடாது. அதனால்தான் வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கம் கவிழ்கிறது.

கேள்வி: மழையில் வளைவில் வழுக்குகிறதே, என்ன செய்ய?

பதில்: ஈரத்திலும் மணலிலும் உராய்வு குறைவு, சாய்வுக்கு ஏற்ற பிடி கிடைக்காமல் டயர் வெளியே ஓடிவிடும். வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள், அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பாதி வேகத்தில் போனால் நான்கில் ஒரு பங்கு பிடியே போதும். உள்பக்கப் பெடல் மேலே இருக்கட்டும். இல்லையென்றால் அது தரையில் இடிக்கும்.