பொதுச்சுவர் ஜன்னல்கள்

இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் திறந்தது பினாங்கின் பாயான் லெப்பாசில்தான். சில்லு பொருத்திப் பழகிய ஊருக்கே தண்ணி காட்டியது சில்லல்ல, ஜன்னல்.

1985இல் வந்த விண்டோஸ் 1.0, ஒரு ஜன்னல்மேல் இன்னொன்று ஏற விடாது. ஜார்ஜ் டவுன் கடைவீடுகள்போலச் சுவரோடு சுவர் ஒட்டித்தான் நிற்கும். ஒருவர் அகலித்தால் அண்டை வீட்டார் ஒடுங்க வேண்டும். (கடைவீடுகளுக்காவது அஞ்சடி நடைபாதை உண்டு.) 1987இல் வந்த 2.0, மேலே ஏறலாம் என்றது. ஏறின. மறு ஆண்டே, தன் திரையைப் பார்த்து அடித்த காப்பி என்று ஆப்பிளும் நீதிமன்றப் படி ஏறியது.

3.1இல் ஜன்னலைச் சுருக்கினால் அது சின்னப் படமாகி, மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் திரையின் அடியில் போய் உட்காரும். பணிப்பட்டை கிடையாது. தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

உச்சம் விண்டோஸ் 95. அதுவரை வலது மூலைப் பொத்தானை அழுத்தினால் ஜன்னல் பெரிதாகும். அதே மூலையில், யார் கொடுத்த யோசனையோ, மூடும் பெருக்கல்குறியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெரிதாக்கப் போன விரல் மூடித் தொலைத்தது. “சேமிக்கவா?” என்று கணினி மரியாதையாகத்தான் கேட்கும், பதறிய கை “வேண்டாம்” என்பதை அழுத்திவிட்டுத்தான் கேள்வியையே படிக்கும்.