ஒரு வினை, இரண்டு பக்கம்

கேள்வி: இத்தாலிய மொழி கற்கிறேன். 'பார்லாரே' (பேசுதல்) ஒழுங்கான வினையாம். அதற்கே இரண்டு பக்க அட்டவணை! ஒழுங்கானதற்கே இந்தப் பாடா?

பதில்: தமிழருக்குப் பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது. 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறதே, 'பார்லோ'வும் அப்படித்தான். 'பார்லி' என்றால் நீ, 'பார்லா' என்றால் அவர், 'பார்லியாமோ' என்றால் நாம். 'ஆரே'யில் முடியும் வினைகளில் மிகப் பெரும்பாலானவை இதே விகுதிகளைத்தான் ஏற்கும்.

சேட்டைகளும் உண்டு. அதே 'பார்லோ'வில் அழுத்தத்தைக் கடைசி அசைக்குத் தள்ளினால் 'அவர் பேசினார்' ஆகிவிடும்! இந்த இறந்தகாலம் கதைப் புத்தகங்களில் தாராளம். வட இத்தாலியப் பேச்சில் அரிது. அதனால் 'பேசினேன்' என்பதற்கு முதலில் 'ஓ பார்லாத்தோ'வைப் பழகுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது, உறுதியில்லாததைச் சொல்லும் 'கொன்ஜுன்தீவோ' என்ற வினை வடிவம். அவர் பேசுகிறார் என்று தெரிந்தால் 'சோ கே பார்லா'. பேசுகிறார் என்று நினைத்தால் 'கிரேதோ கே பார்லி'. தெரிந்ததற்கும் நினைத்ததற்கும் நடுவே ஒற்றை உயிரெழுத்தால் கோடு போடுகிறார்கள்! வதந்தி பரப்புகிறவர்களுக்கு இதைக் கட்டாயப் பாடமாக்கலாம். அவசரப் பேச்சில் இத்தாலியர்களே 'பார்லா' என்று விட்டுவிடுவதுண்டு. தயங்காமல் வாயைத் திறங்கள்.