மாடி வாடகையும் ஒரு படி மல்லாட்டையும்

கார்த்திகை தீபம் முடிந்து மலை உச்சியிலிருந்து கொப்பரை இறங்குவதற்குள் மாடி வாடகையை ஏற்றிவிட வேண்டும் என்பது திருவண்ணாமலையில் எங்கள் ரமண நகரின் எழுதாத சட்டம். நவம்பர் கடைசியில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்கள், மார்ச்சில் வெயில் உறைக்க ஆரம்பித்ததும் பறந்துவிடுவார்கள். நடுவில் உள்ள நாலு மாதத்தில் அறுத்தால்தான் உண்டு.

எங்கள் மாடியில் இருப்பவர் ஸ்பெயின்காரர். ஐந்தாவது வருஷமாக வருகிறார். ஐந்து வருஷமாக ஒரே வாடகை.

"இந்தத் தடவை சொல்லிடுங்க" என்றாள் வீட்டுக்காரி, அகல்களுக்குத் திரி போட்டுக்கொண்டே. "எதிர் வீட்டுல ஹில் வியூன்னு சொல்லி மூவாயிரம் கூட வாங்குறாங்க. நம்ம மாடியிலேர்ந்து மலை தெரியலையா?"

தெரிகிறது. 2668 அடி உயரம், எப்படித் தெரியாமல் போகும்? ஆனால் மலையே சிவன் என்று கும்பிடுகிற ஊரில், சிவனை ஜன்னல் வழியாகக் காட்டியதற்குத் தனிக் காசு கேட்க எனக்குக் கூச்சம். (மூவாயிரத்துக்குத்தான் இந்தக் கூச்சம். ஆறாயிரம் என்றால் வந்திருக்காது.)

யோசித்துப் பார்த்தால் இந்தப் பேட்டையை உண்டாக்கியவரே வெளியூர்க்காரர்தான். 1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து ஒரு பையன் ரயிலும் நடையுமாக வந்து சேர்ந்தான். கையில் இருந்த மிச்சக் காசை அய்யங்குளத்தில் வீசினான். 1950இல் மறையும்வரை ஊரைவிட்டு நகரவில்லை. காசைக் குளத்தில் போட்டுவிட்டு இவ்வளவு காலம் இங்கே இருக்க முடிந்ததென்றால், அன்றைக்கு என் மாதிரி வீட்டுக்காரர்கள் இல்லை என்று அர்த்தம். அந்த ரமணரைத் தேடி வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். 1911இல் ஹம்ப்ரீஸ் என்ற போலீஸ் அதிகாரி. பிறகு பால் பிரண்டன். 1934இல் அவர் எழுதிய புத்தகம் வெளிவந்ததும் ஊர் பெயர் லண்டன் வரை போனது. அடுத்த வருஷமே மேஜர் சாட்விக் வந்து ஆசிரமத்திலேயே தங்கிவிட்டார். 1938இல் சாமர்செட் மாம் வந்தார், மயங்கி விழுந்தார், அதை வைத்துக்கொண்டே பின்னால் ஒரு நாவலும் எழுதினார். எங்கள் ஊர் வெயிலில் வருஷத்துக்கு எத்தனையோ பேர் மயங்கி விழுகிறார்கள். நாவல் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் ஸ்பெயின்காரர் மயங்கி விழவில்லை. வந்த முதல் வாரமே என்னைத்தான் விழ வைத்தார்.

அப்போது வெளிநாட்டுக்காரருக்கு வீடு விட்டால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் 'சி' ஃபாரம் அனுப்ப வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்தேன், பெயர் சரக்கு ரயில் போல நீண்டது. "இதுல எது சர்நேம்?" என்றேன். "கடைசி ரெண்டும்" என்றார். ஸ்பெயினில் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயராம். "உங்களுக்கு?" என்றார். எனக்கு ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்றுதான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அம்மா எங்கே போனாங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஊரில் அவருக்கு முதலில் பிடித்துப்போனது கோயில் நடையை மத்தியானம் சாத்துவதுதான். அவர்கள் நாட்டிலும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவது பழைய வழக்கமாம். "இங்கே சாமியே தூங்குது!" என்று பூரித்துப்போனார். அன்றிலிருந்து மூன்றரை மணிக்கு நடை திறக்கும்வரை அவரும் எழுந்திருப்பதில்லை.

தமிழை அவர் கீரைக்காரம்மாவிடமும் டவுன் பஸ்ஸிலும் கற்றார். அதனால் அவர் பேசுவது அசல் திருவண்ணாமலைத் தமிழ். நிலக்கடலையை 'மல்லாட்டை' என்கிறார். சென்னையில் இருக்கும் என் பேரன் 'பீநட்ஸ்' என்கிறான். அந்தப் பேரனின் பெயர் ரியான்ஷ். எங்கள் தெருவில் சிவன், பார்வதி என்றெல்லாம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவர்கள் ஐரோப்பாக்காரர்கள் மட்டும்தான். வேட்டியும் அவர்களுக்குத்தான் இடுப்பில் நிற்கிறது. பதினாலு கிலோமீட்டர் கிரிவலத்தை அவர்கள் விடியற்காலை நாலு மணிக்குச் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். நான் கடைசியாக மலை சுற்றியது டிவிஎஸ் 50இல், அதுவும் குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மனை விலைக்கு வந்ததால்.

போன வருஷம் அவர் பத்து நாள் மௌன விரதம் இருந்தார். நாலாம் நாள் காலை படியில் இறங்கி வந்து வாசலில் நின்றார். வயிற்றைத் தொட்டார், கையை வாய்க்குக் கொண்டுபோனார், பிறகு இரண்டு கையையும் அக்குளில் வைத்துச் சொறிந்துகொண்டார். வீட்டுக்காரி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். "பாவம், வயிறு சரியில்ல, சூட்டுல அரிப்பு வேற." வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்தாள். அவர் தலையை பலமாக ஆட்டினார். "குடிங்க, கசக்காது" என்றேன் நான். குடித்தார். குடித்துவிட்டு மறுபடியும் சொறிந்தார், மாடியைக் காட்டினார். வீட்டுக்காரி வேப்பிலை பறிக்கப் போனாள். அதற்குள் மாடியிலிருந்து எங்கள் இட்லித் துணி, அவருடைய வாழைப்பழச் சீப்பு, ஒரு மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு குரங்கு எதிர் வீட்டு ஹில் வியூவுக்குக் குடிபோய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை, 'குரங்கு' என்று சொல்லியிருக்கலாம். விரதம் என்றால் விரதம்தான்.

வாடகைக்கு வருகிறேன். மார்கழிப் பௌர்ணமியன்று அவரோடு கடைத்தெருவுக்கு நடக்கும்போது சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். பௌர்ணமி என்றால் செங்கம் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. இப்போதெல்லாம் ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிற கூட்டம்தான் பெரிய கூட்டம். டீக்கடைப் பலகையிலும் லாட்ஜ் வாசலிலும் தெலுங்கு ஏறிவிட்டது. நான் டீ ஷர்ட்டும் முக்கால் பேண்ட்டும் தொப்பியுமாக இருந்தேன். அவர் வேட்டி, நெற்றி நிறைய விபூதி.

அவிச்ச மல்லாட்டைக்காரம்மா என்னைப் பார்த்ததும், "ரண்டி சார், ரண்டி! படி அறுபது" என்றாள். பிறந்து அறுபத்து மூன்று வருஷம் இதே ஊரில் இருக்கிறேன். எங்கள் அப்பா இதே ரோட்டில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தவர். "யம்மா, நான் உள்ளூருதாம்மா" என்றேன். அந்தம்மா சிரித்தாள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்களாம், தெலுங்கு பேசுகிறவர்கள்கூட ரெண்டு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டு வந்து அப்படிச் சொல்கிறார்களாம்.

அப்போதுதான் அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இன்னாம்மா, படி நாப்பதுதானே?"

"வா சாமி! உனக்கு நாப்பதுதான்."

"அவருக்கும் அதே போடும்மா. நம்ம ஊர்க்காரர்தான். எங்க வீட்டுக் கீழ குடியிருக்காரு."

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். சாமியே சொல்லிவிட்டதால் ஒப்புக்கொண்டு படியை அளந்தாள். தலை தட்டாமல், கொசுறாக ஒரு கை கூடவும் போட்டாள். கொசுறு அவருக்குத்தான் என்பதைப் பையை அவர் பக்கம் நீட்டியே காட்டிவிட்டாள்.

திரும்பி வரும்போது சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமத்தைத் தாண்டியதும் தொண்டையைச் செருமினேன். கீழே குடியிருப்பவன் மாடிக்காரரிடம் வாடகை ஏற்றச் சொல்வது எப்படி என்றும் ஒரு கணம் குழப்பம்.

"அந்த மாடி விஷயமா உங்ககிட்ட…"

"ஆமாண்ணா, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "மழையில ஒரு மூலை ஒழுகுது. கொத்தனாரைக் கூட்டினு வந்து காட்டிட்டேன். நீங்க கேட்டா எட்டாயிரம் சொல்லுவான். நான் பேசி மூவாயிரத்துல முடிச்சிருக்கேன். நாளைக்குக் காலையில வருவான், காசு மட்டும் ரெடியா வச்சிடுங்க."

வீட்டு வாசல் விளக்கு தூரத்திலேயே தெரிந்தது. கீழ்ப் படியில் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து உரித்தேன். சொத்தை.