ஒல்லிகளுக்கு இடமில்லை

ஊரெல்லாம் இளைக்கச் சொல்லிக்கொண்டிருந்த 2015இல் அமெரிக்க விமானப்படை ஒல்லிகளைக் கண்டு பயந்தது. எஃப்-35 போர் விமானம் ஓட்ட 136 பவுண்டாவது, அதாவது சுமார் 62 கிலோவாவது, தேற வேண்டும் என்றார்கள். ஆபத்து நேரத்தில் இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்படும்போது எடை குறைந்தவரின் கழுத்து முறியலாமாம். தலைக்கவசத்தின் கனமும் ஒரு காரணம். ஒன்றின் விலை சுமார் 4 லட்சம் டாலர். அந்த விலைக்குக் கழுத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கலாம். கடைசியில் கவசத்தை இளைக்க வைத்து, பாராசூட் சற்றுத் தாமதித்து விரியும்படி செய்து, 2017இல் தடையை நீக்கினார்கள்.

இதே படையில்தான் 1950இல் அளந்த 4,063 விமானிகளின் கணக்கை கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் அலசினார். பத்து அளவுகளிலும் 'சராசரி'க்குள் அடங்கியவர் ஒருவர்கூட இல்லை. அப்படியானால் சராசரி மனிதனுக்கென்று கட்டிய விமானி அறை யாருக்காக? அது ராணுவ ரகசியம் போலும்.

அதற்குப் பிறகும் அளவு நாடா ஓயவில்லை. 5 அடி 4 அங்குலத்துக்குக் குறைந்தவர்கள் விதிவிலக்கு கேட்டு மனுப் போட வேண்டியிருந்தது; பெண்களில் பலர் அந்த வரிசையில்தான் நின்றார்கள். அந்த உயர வரம்பை 2020இல்தான் எடுத்தார்கள்.