பதினாறு கண் மதகு இல்லாத வண்டி

சேலம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடமாகிவிடும் எண் ஒன்று உண்டு: 120. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம், அடிக்கணக்கில். எங்கள் குடும்பத்துக்கு ஒரு குழி நிலம் கிடையாது. ஆனாலும் அப்பா தினமும் காலையில் பேப்பரைப் பிரித்து, "நீர்மட்டம் தொண்ணூத்தெட்டு அடி, வரத்து ஆயிரத்து இருநூறு கன அடி" என்று வீட்டுக்கே கேட்கும்படி வாசிப்பார். அவருக்குப் பிறகு அந்தப் பதவி எனக்கு வந்தது. இந்தப் படிப்பால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை என்று என் மனைவி இருபத்தைந்து வருஷமாகச் சொல்லி வந்தாள். ஏற்காட்டுக்குப் போன அந்த நாள்வரை அவள் சொன்னது சரிதான்.

என் மைத்துனன் பத்து வருஷம் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டு, இனிமேல் வண்டியில்தான் உட்காருவேன் என்று ஊருக்குத் திரும்பியவன். பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கினான். எங்கள் பக்கத்தில் வண்டிக்கு உடம்பு கட்டுவது குடிசைத் தொழில் மாதிரி. பஸ்ஸுக்குக் கரூர், லாரிக்கு நாமக்கல், போர்வெல் வண்டிக்குத் திருச்செங்கோடு. அப்படி ஒரு பட்டறையில் விட்டு, வேனுக்குள் ஒரு வீட்டையே கட்டிவிட்டான். படுக்கை, கை கழுவத் தொட்டி, தண்ணீருக்குக் குட்டி மோட்டார், கூரையில் ஃபேன், சுற்றிலும் எல்.இ.டி. பட்டை, தலைமாட்டில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த படிப்பு விளக்கு, மேலே சோலார் தகடு. தெருவில் கொண்டுவந்து நிறுத்திய அன்று, "எந்த நடிகர் சார் வந்திருக்கார்?" என்று நாலு பேர் விசாரித்தார்கள். நம் ஊரில் கேரவன் என்றால் உள்ளே ஒரு ஹீரோ இருந்தே ஆக வேண்டும். உள்ளே என் மாமியார் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாமே பன்னெண்டு வோல்ட்டு மாமா. தொட்டாக்கூட ஷாக் அடிக்காது. பச்சைக் குழந்தை மாதிரி" என்றான்.

குழந்தை மாதிரி என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது போலத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்? எங்கள் வீட்டில் 230 வோல்ட் ஃப்ரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர், டி.வி.க்கு ஒரு ஸ்டெபிலைசர். இந்தப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மட்டும் நாதியில்லை. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிற்பாடு தோன்றுவதைத்தான் அறிவு என்கிறார்கள்.

ஒரு மே மாதத்து மதியம் கிளம்பினோம். சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர்தான். ஆனால் அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. மாமியார் அந்தப் பலகைகளை விஷ்ணு சகஸ்ரநாமம் மாதிரி சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தார். ஐந்து வரை எல்லாம் சுகம். ஏழில் குரங்குகள் பார்வையிட்டன. ஒன்பதாவது வளைவில் வண்டிக்குள் எல்.இ.டி. பட்டை திடீரென்று கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது.

"பாத்தீங்களா மாமா! எஞ்சின் இழுக்க இழுக்க லைட்டு பவர் கூடுது" என்றான் மைத்துனன்.

நானும் பெருமைப்பட்டேன். அணையப் போகிற விளக்கைப் பற்றி நம் முன்னோர் சொன்னதெல்லாம் எண்ணெய் விளக்குக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பதினோராவது வளைவில் பட்டை பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு இருண்டது. பன்னிரண்டில் படிப்பு விளக்கு. பதினாலில் தண்ணீர் மோட்டார் யாரும் சுவிட்சைத் தொடாமலே 'ம்ம்ம்' என்று முனகி அடங்கியது. மாமியார் எண்ணுவதை நிறுத்தவில்லை. "பதினஞ்சு" என்றார், அடுத்து யார் என்று கேட்கிற தொனியில்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்து நட்ட மலை இது. அந்தக் காலத்துத் துரைமார்கள் குதிரையிலும் பல்லக்கிலும் ஏறினார்கள். பல்லக்குக்கு டெர்மினல் கழன்றதாகச் சரித்திரம் இல்லை. நாங்கள் விஞ்ஞானத்தில் ஏறினோம்.

மேலே லேடீஸ் சீட் பக்கம் நிறுத்தி எஞ்சினை அணைத்தான். மறுபடி சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டாரிலிருந்து மூச்சே இல்லை. ஆனால் உள்ளே கூரை ஃபேன் மட்டும் ஹெலிகாப்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. "பேட்டரி செத்துடுச்சு, ஃபேன் எப்படிடா ஓடுது?" என்றேன். "சோலார் மாமா" என்றான், கண்ணில் ஒரு பக்தியோடு. பத்து நிமிஷத்தில் ஃபேனிலிருந்து ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. பக்தி அடங்கியது.

இருட்டியது. லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தால் கீழே சேலம் நகரம் முழுக்க, யாரோ மிட்டாய்க் கடை ஜாடியைக் கவிழ்த்த மாதிரி, விளக்கு விளக்காகச் சிதறிக் கிடக்கும். அன்று அத்தனை விளக்கும் எங்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. வண்டிக்குள் கும்மிருட்டு. வெளியே போகலாம் என்றால் காட்டெருமை பயம். அப்போது மாமியார் சுருக்குப் பைக்குப் பக்கத்திலிருந்து தன் பேட்டரி லைட்டை எடுத்தார். இரண்டு கட்டை, மூன்று வோல்ட். அந்த வெளிச்சத்தில் புளிசாதம் சாப்பிட்டோம். "அந்தப் பன்னெண்டு எங்கேடா?" என்று அவர் மகனைக் கேட்டதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

காலையில் எஸ்டேட் ஜீப்புகளுக்கு வேலை பார்க்கும் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் டி.வி.எஸ். வண்டியில் வந்தார். தலையில் மப்ளர், காதில் பென்சில். பேட்டரி மூடியைத் திறந்தார். டெர்மினலை ஒரு விரலால் தொட்டார். அது கழன்று அவர் கையோடு வந்தது.

"ஏங்க சார், இதை இறுக்காம இருபது வளைவும் ஏத்திட்டீங்களா?"

"வண்டி நல்லாத்தானே அண்ணா ஓடுச்சு?" என்றான் மைத்துனன்.

"டீசல் வண்டி தம்பி. ஒரு தடவை பிடிச்சுக்கிச்சுன்னா பேட்டரி இருக்கா, செத்துச்சான்னு அது கேக்காது. ஆனா டைனமோ கேக்கும்."

பிறகு அவர் பேசியது மின்சாரப் பாடம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதியில்தான் தெரிந்தது, அது என் அப்பா தினமும் வாசித்த செய்தி. "வோல்ட்டுங்கறது நீர்மட்டம் சார், ஆம்பியர் வந்து கன அடி" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு வோல்ட் என்பது ஒரு பட்டப்பெயர்தானாம், எண் இல்லையாம். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போதே 12.7. எஞ்சின் ஓடினால் டைனமோ அதை 14க்கு மேல் தூக்கும். இதெல்லாம் சாதாரண வரத்து. பேட்டரிதான் இந்த எல்லா வரத்தையும் வாங்கி மட்டமாக்குகிற ஏரி. பாதி வழியில் டெர்மினல் கழன்றால், ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளமெல்லாம் ஒரே மூச்சில் வயலுக்குத் திரும்பும். டைனமோ தன்னைச் சுதாரித்துக்கொள்ள அரை நொடிக்கும் குறைவாகத்தான் ஆகும். அதற்குள் நூறு வோல்ட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடும். அந்தத் துள்ளலில் போனதுதான் படிப்பு விளக்கும் மோட்டாரும். டெர்மினல் ஒட்டியும் ஒட்டாமலும் ஆடியதால் ஒரு தடவை இல்லை, வளைவுக்கு வளைவு.

பட்டை விளக்கு அதற்கு முன்பே ஏன் ஜொலித்தது என்பதற்கும் கணக்கு வைத்திருந்தார். பட்டையில் மூன்று எல்.இ.டி.க்கு ஒரு ரெசிஸ்டர். ஒவ்வொரு எல்.இ.டி.யும் சுமார் 3 வோல்ட் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டில் ஒன்பது போக மிச்சம் 3, அது ரெசிஸ்டரின் தலையில். மட்டம் 15 ஆனால் எல்.இ.டி. தன் ஒன்பதோடு நின்றுகொள்ளும். மிச்சம் 6, முழுவதும் ரெசிஸ்டருக்கு. ஏறியது 3 வோல்ட்தான். கரண்ட் இரட்டிப்பு, ரெசிஸ்டரில் சூடு நாலு மடங்கு. குடும்பத்தில் கூடுதல் செலவு வந்தால் ஒரே ஆள் தலையில் விழுகிற மாதிரி. அந்த ஆள் யார் என்று நான் மனைவியைப் பார்க்கவில்லை.

"சோலாரு?"

"பன்னெண்டு வோல்ட்டுத் தகடுன்னு பேரு. சும்மா விட்டா இருபத்தொண்ணு, இருபத்திரண்டு நிக்கும். குளுந்த ஊருக்கு வந்தா இன்னும் கொஞ்சம் ஏறும். பேட்டரி இல்லைன்னா உங்க மலிவுக் கன்ட்ரோலரு அதை அப்படியே ஃபேனுக்கு ஊட்டிவிட்டுடும்." மலை ஏறினால் நமக்குத்தான் பசி அதிகமாகும் என்று நினைத்திருந்தேன். தகட்டுக்கும் அப்படித்தானாம்.

"எல்லாத்துக்கும் ஃபீஸ் போட்டிருந்தோமே" என்றான் மைத்துனன் பரிதாபமாக. "ஃபீஸு கன அடியைப் பாக்கும் தம்பி. நீர்மட்டத்தைப் பாக்காது. அது உருகறதுக்குள்ள உள்ள இருக்கிறது வெந்துடும்."

கொடுமை என்னவென்றால், எல்லாம் போன வண்டியில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தது: லாரி சாமான் கடையில் கடைசி நிமிஷத்தில் வாங்கிய போன் சார்ஜர். அண்ணன் அதைத் திருப்பிக் காட்டினார். '12–24 வோல்ட்' என்று போட்டிருந்தது. லாரிகள் 24 வோல்ட்டில் ஓடுவதால் அதற்குத் தகுந்த வயிறு அதற்கு. வெளிநாட்டுப் படிப்பு விளக்கின் முதுகில் அழகான எழுத்தில் '12 வோல்ட்' என்று மட்டும் இருந்தது. வாங்கும்போது நாங்கள் நிறத்தைப் பார்த்தோமே தவிர முதுகைப் பார்க்கவில்லை.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றேன்.

அண்ணன் எழுந்து மேற்கே கையைக் காட்டினார். வானம் தெளிந்திருந்தால் அங்கே மேட்டூர்த் தண்ணீர் ஒரு கோடாகத் தெரியும். "1934ல அணையைக் கட்டினவன், நூத்தியிருபதுக்கு மேல வந்தா என்ன பண்றதுன்னு யோசிச்சு பதினாறு கண் மதகையும் கட்டினான். உங்க பட்டறைக்காரன் அணையை மட்டும் கட்டிட்டுப் போயிட்டான்."

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் வண்டிக்கு மதகு வந்தது. முதலில் டெர்மினலை இறுக்கி, ஸ்ப்ரிங் வாஷர் போட்டு, வாசலின் தடவினார். சின்னச் சாமான்கள் இருக்கிற லைனில், ஃபீஸுக்கு அடுத்து ஒரு டி.வி.எஸ். டயோடு. வெளியே நின்ற அவர் மொபெட்டுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். மட்டம் ஒழுங்காக இருக்கும்வரை இருக்கிற இடம் தெரியாது. துள்ளிக்கொண்டு வந்தால் கண நேரத்தில் திறந்து உபரியைத் தரைக்கு அனுப்பிவிடும். மிஞ்சிப்போனால் தானும் செத்து ஃபீஸையும் ஊதி, மற்றவர்களைக் காப்பாற்றும். சாமான்களுக்குப் போகிற மெயின் லைனில், 15 வோல்ட்டைத் தாண்டினால் 'டக்'கென்று லைனையே வெட்டும் ரிலே ஒன்று. நுணுக்கமான விளக்குகளுக்கு முன்னால், 9 வந்தாலும் 18 வந்தாலும் 12 மட்டுமே கொடுக்கும் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி. டாஷ்போர்டில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர். கடைசியாக ஒரு சம்பிரதாயம்: மாட்டும்போது பேட்டரி முதலில், தகடு கடைசியில், கழற்றும்போது தகடு முதலில், பேட்டரி கடைசியில். கல்யாண வீட்டில் சம்பந்திக்கு முதல் பந்தி என்பதைவிடக் கண்டிப்பான வரிசை.

இறங்கும்போது மாமியார் வளைவுகளைத் தலைகீழாக எண்ணினார். நான் மீட்டரைப் பார்த்து, "நீர்மட்டம் பதினாலு புள்ளி ஒண்ணு" என்று வாசித்துக்கொண்டு வந்தேன். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக வாயை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியைக் கழுவுகிறேன் என்று மைத்துனன் வரிசையை மறந்து பேட்டரியை முதலில் கழற்றிவிட்டான். மேலே சுள்ளென்று வெயில். உள்ளே மாமியார் ஃபேனடியில் படுத்திருந்தார். 'டக்' என்றது ரிலே. விளக்கு, ஃபேன், மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

"கரண்டு போச்சுடா!" என்று மாமியார் சத்தம் போட்டார்.

நான் கை தட்டினேன். சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்த மனைவி, வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கரண்டு போனதுக்குக் கை தட்டுற ஆளை இந்தத் தமிழ்நாட்டுலயே இப்பத்தாங்க பாக்குறேன்" என்றாள்.