ஜெனரல்களுக்கு வாத்தியார்

கேப்டன் பதவியைத் தாண்டாமல் ராணுவத்தை விட்டு வந்த ஒருவர், உலகத்து ஜெனரல்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி மார்க் போட முடியுமா? லண்டன் தினசரி ஒன்றில் பத்தி எழுத இடம் கிடைத்தால் முடியும் என்று காட்டியவர் பாசில் லிடல் ஹார்ட். ராத்திரி ஒன்பது மணிக்கு டிவியில் உட்கார்ந்து, விளம்பர இடைவேளைக்குள் அண்டை நாட்டைப் பிடித்துக் கொடுக்கும் ரிட்டயர்டு அதிகாரிகளுக்கெல்லாம் இவர்தான் குலதெய்வம். படையல் வைக்கத்தான் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

1895-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா மெத்தடிஸ்ட் சபைப் போதகர். அடுத்தவர் செய்த பாவத்தைக் கண்டுபிடித்து மேடையேறிச் சொல்லும் வித்தை அப்படி வந்திருக்கலாம். பிறந்தபோது வெறும் ஹார்ட்தான். 1921-ல் அம்மா வீட்டுப் பெயரான லிடலையும் முன்னால் சேர்த்துக்கொண்டார். புத்தக அட்டைக்கு ஒரு கனம் வேண்டாமா?

கேம்பிரிட்ஜில் வரலாறு படித்துக்கொண்டிருந்தபோது முதல் உலகப் போர் வந்தது. யார்க்‌ஷர் காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்து பிரான்ஸ் போனார். 1916 ஜூலை 1-ம் தேதி, சோம் போர்முனையில் ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 57,000 பேர் அடிபட்டார்கள் அல்லது செத்தார்கள். இவருடைய பட்டாலியன் அன்றைக்கே ஏறக்குறைய இல்லாமல் போனது. சில நாள் கழித்து மாமெட்ஸ் காட்டில் விஷவாயு இவரையும் பிடித்தது. அதோடு இவருடைய போர் முடிந்தது. இந்த இடத்தில் கேலிக்கு ஒன்றுமில்லை. கேலி ஆஸ்பத்திரிக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால், அந்தக் கொலைக்களத்திலிருந்து திரும்பிய கையோடு இவர் எழுதியது என்ன தெரியுமா? பிரிட்டிஷ் தளபதிகளின் மூளையை மெச்சிப் பாராட்டுரை! 'ஹெய்க் துரையின் சேனாதிபத்யத்தைப் போல உண்டா' என்கிற ரீதியில் போகும். அதே ஹெய்கை அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் துவைத்துக் காயப்போட்டவர்களில் முதல் ஆள் யாரென்றால், அதுவும் இவர்தான். அபிப்பிராயம் மாறுவது குற்றமில்லை. முந்தைய அபிப்பிராயம் தனக்கு இருந்ததே இல்லை என்று முகத்தை வைத்துக்கொள்ளத் தனித் திறமை வேண்டும். நம்ம கேப்டனுக்கு அது சின்ன வயதிலேயே கைவந்துவிட்டது.

போர் முடிந்ததும் காலாட்படைப் பயிற்சிக் கையேட்டைத் திருத்தி எழுதும் வேலை வந்தது. அப்போது உதித்ததுதான் 'இருட்டில் நிற்கும் மனிதன்' தத்துவம். இருட்டு அறையில் ஓர் எதிரி. நீ என்ன செய்வாய்? ஒரு கையை நீட்டித் துழாவுவாய். கழுத்து அகப்பட்டால் பிடித்துக்கொள்வாய். மறு கையால் ஓங்கிக் குத்துவாய். பட்டாலியனும் அப்படித்தான் சண்டை போட வேண்டும் என்றார். இருட்டுக்குள் எதிரியும் அதே கையேட்டைப் படித்துவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஜெனரல்களுக்குத் தோன்றவில்லை. பையன் கெட்டிக்காரன் என்று தட்டிக் கொடுத்தார்கள்.

ஆனால் டாக்டர்கள் விடவில்லை. விஷவாயு தின்ற இதயம், ராணுவத்துக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்கள். 1924-ல் பாதிச் சம்பளம், 1927-ல் முழு ஓய்வு. அந்த லாயக்கில்லாத இதயம் 1970 வரை ஓடியது. இவரை லாயக்கில்லை என்று அனுப்பிய ராணுவத்தைப் பார்த்து லாயக்கில்லை என்று எழுத அத்தனை வருஷமும் தாராளமாகப் போதும்.

சம்பாத்தியத்துக்கு முதலில் கை கொடுத்தது டென்னிஸ். ஆமாம், டென்னிஸ் மட்டை டென்னிஸ்தான். பத்திரிகைகளுக்கு டென்னிஸ் நிருபராக எழுதினார். 1926-ல் டென்னிஸ் வீரர்களின் முகமூடியைக் கழற்றுவதாக ஒரு புத்தகம். அதே வருஷம், ரோமானியத் தளபதி சிப்பியோ நெப்போலியனைவிடப் பெரியவர் என்று இன்னொரு புத்தகம். ஒரே வருஷத்தில் விம்பிள்டனையும் வாட்டர்லூவையும் ஒரு கை பார்த்தவர் சரித்திரத்தில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்குள் பெரிய நாற்காலி ஒன்று காலியானது. டெய்லி டெலிகிராஃபின் ராணுவ நிருபர் கர்னல் ரெபிங்டன் 1925-ல் காலமானார். அவர் கதை தனிச் சுவை. இன்னொருவர் மனைவியோடு தொடர்பு வைத்து, இனிமேல் இல்லை என்று எழுத்துமூலமாகச் சத்தியமும் செய்து கொடுத்து, அந்தச் சத்தியத்தையும் மீறி, 1902-ல் உத்தியோகத்தைத் தொலைத்தவர். அதற்குப் பிறகு 'டைம்ஸ்' பத்திரிகையில் உட்கார்ந்துகொண்டு, 1915-ல் பீரங்கிக் குண்டு பற்றாக்குறையை அம்பலப்படுத்தி அரசாங்கத்தையே ஆட்டிவைத்தார். சீருடையில் இருந்தபோது அவர் பேச்சை யார் கேட்டார்கள்? கழற்றிப் போட்ட பிறகு பிரதம மந்திரி கேட்டார். இந்தத் தொழிலின் சூட்சுமமே அதுதான். கேப்டன் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அந்தப் பத்து வருஷத்தில் எழுதியவை உண்மையிலேயே நல்ல சரக்கு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டாங்கிகளை மொத்தமாகச் சேர்த்து, எதிரியின் முகத்தில் மோதாமல் முதுகுக்குப் பின்னால் வெகுதூரம் ஓடவிட்டு, அவனுடைய சப்ளை வழியையும் மூளையையும் அறுக்க வேண்டும் என்றார். இதில் பாதி, நண்பர் ஃபுல்லர் போட்ட விதை. ஃபுல்லர் மேஜர் ஜெனரல். மந்திரவாதி அலிஸ்டர் குரோலியைப் புகழ்ந்து புத்தகம் எழுதியவர். பிற்பாடு ஃபாசிஸ்ட் கட்சியில் சேர்ந்து, 1939-ல் ஹிட்லரின் ஐம்பதாவது பிறந்தநாள் அணிவகுப்புக்கு விருந்தாளியாகப் போய் நின்றவர். பக்கத்தில் இப்படி ஓர் ஆள் இருந்தால் யாரும் நிதானஸ்தராகத்தான் தெரிவார். ஃபுல்லரின் புத்தகத்தைப் படித்தால் கோபம்தான் வரும், அதனால் படிக்கப் போவதில்லை என்று தலைமைத் தளபதியாக வந்த மான்ட்கோமரி-மாசிங்பர்ட் சொல்லிவிட்டார். எழுதியவருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா?

1929-ல் 'மறைமுக அணுகுமுறை' என்கிற தத்துவத்தைச் சொல்லும் புத்தகம் வந்தது. கிரேக்கர் காலம் முதல் 280-க்கும் மேற்பட்ட படையெடுப்புகளை அலசினாராம். நேருக்கு நேர் போய்த் தீர்க்கமாக ஜெயித்தது ஆறே ஆறுதானாம். மற்ற வெற்றியெல்லாம் சுற்றி வளைத்த வெற்றி. எப்படி இவ்வளவு சுத்தமான கணக்கு வந்தது? ரொம்பச் சுலபம். ஜெயித்தவன் எங்கேயாவது லேசாகத் திரும்பியிருப்பான். அதைத் தேடிப் பிடித்து 'மறைமுகம்' பத்தியில் போட வேண்டியது. தோற்றவன் நேராகப் போனவன். இந்த முறையில் கணக்குப் பார்த்தால் இடைத்தேர்தலைக்கூட விளக்கிவிடலாம். சரக்கு நன்றாக விற்றது. 1941-ல் ஒரு பெயர், 1954-ல் இன்னொரு பெயர் என்று கூடுதல் பக்கங்களோடு அதே புத்தகம் திரும்பத் திரும்ப வந்தது. இவ்வளவு ரத்தத்துக்கும் காரணம் பிரஷ்யப் போர்த் தத்துவவாதி கிளாஸ்விட்ஸ் என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கிளாஸ்விட்ஸ் 1831-லேயே இறந்துவிட்டதால் மறுப்பு வரவில்லை.

1935-ல் டைம்ஸுக்கு மாறினார். 1937-ல் யுத்த மந்திரியாக ஹோர்-பெலிஷா வந்தார். பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடத்தில் ஆரஞ்சு உருண்டை விளக்கு நட்டுப் பெயர் வாங்கியவர். ராணுவம் புதுசு. ஆகவே யாரை உயர்த்தலாம், யாரை வீட்டுக்கு அனுப்பலாம், எதை மாற்றலாம் என்று கேப்டன் குறிப்பு எழுத, மந்திரி கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஜெனரல்களுக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷம் குதிரை மேல் உட்கார்ந்து பதவி வாங்கியவனுடைய தலையெழுத்தை, பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து ஒரு கேப்டன் எழுதுவதா? இந்தக் கூட்டணி ஒரு வருஷத்துக்குமேல் கொஞ்சம் ஓடிவிட்டுக் கசந்துபோனது.

இங்கேதான் ஆள் சறுக்கியது. சோம் நினைவு விடவில்லையோ என்னவோ, போர் நெருங்க நெருங்கக் கேப்டன் தன் டாங்கிகளை மறந்தார். இந்தக் காலத்தில் தாக்குபவனைவிடத் தற்காத்து நிற்பவனுக்கே பலம். ஐரோப்பாவுக்குப் பெரிய படை அனுப்பாதீர்கள். கப்பலும் விமானமும் போதும் என்று எழுத ஆரம்பித்தார். 'பிரிட்டனின் பாதுகாப்பு' என்கிற புத்தகம் 1939 ஜூலையில் கடைக்கு வந்தது. செப்டம்பரில் போர் வந்தது. அடுத்த மே மாதம் 10-ம் தேதி ஜெர்மன் டாங்கிகள் ஆர்டென் காட்டுக்குள் நுழைந்தன. 13-ம் தேதி செடானில் ஆற்றைத் தாண்டின. 20-ம் தேதி கடற்கரையில் நின்றன. பத்தே நாள். கேப்டன் பத்து வருஷம் முன்னால் எழுதிவிட்டு, பிறகு தானே கைகழுவிய யோசனையை எதிரி வரிக்கு வரி செய்து காட்டிவிட்டான்.

அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. ஹிட்லரோடு சமரசம் பேசலாம் என்றும் எழுதிவைத்ததால் சர்ச்சில் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. 1944-ல் வேறு சங்கடம். ஐரோப்பாவில் நேசநாட்டுப் படை எங்கே, எப்படி இறங்கும் என்று ஊகித்து ஒரு குறிப்பு எழுதி, நாலு பேரிடம் காட்டினார். ஊகம் நிஜத் திட்டத்துக்குச் சங்கடமான அளவுக்குக் கிட்டே இருந்தது. இந்த ஆளுக்கு யார் கசியவிட்டது என்று உளவுத்துறை எம்ஐ5 பின்னாலேயே வந்துவிட்டது. 1940-ல் தப்பாகச் சொன்னதற்குக் கிடைத்தது ஏளனம். 1944-ல் சரியாகச் சொன்னதற்குக் கிடைத்தது விசாரணை.

வேறு யாராக இருந்தாலும் டென்னிஸுக்கே திரும்பியிருப்பார்கள். கேப்டனோ ஜெயிலுக்குப் போனார், பார்வையாளராக. இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் கிரைஸ்டேல் ஹால் என்று ஒரு மாளிகை. பிடிபட்ட ஜெர்மன் ஜெனரல்கள் அங்கே கைதிகள். நாட்டை இழந்து, பென்ஷனை இழந்து, பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கும் ஜெனரலிடம் போய், 'நீங்கள் எப்படி அவ்வளவு அருமையாகச் சண்டை போட்டீர்கள், சொல்லுங்கள்' என்று ஓர் ஆங்கிலேயன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? கொட்டித் தீர்த்துவிட்டார்கள். வெற்றியெல்லாம் எங்களுடையது, தோல்வியெல்லாம் ஹிட்லருடையது, அட்டூழியம் எதுவும் எங்கள் காதுக்கு எட்டவில்லை. கேப்டன் அப்படியே எழுதிக்கொண்டார். 1948-ல் 'மலையின் மறுபக்கம்' என்று புத்தகம் வந்தது. ஜெர்மன் ஜெனரல்கள் வெறும் தொழில் தெரிந்த அப்பாவிகள் என்கிற கதைக்கு ஆங்கிலத்தில் நல்ல பாதை போட்டுக் கொடுத்தது இது. சிரித்துக்கொண்டே தாண்டிப்போக முடியாத காரியம்.

பதிலுக்கு ஜெனரல்களும் மரியாதை தெரிந்தவர்களாக இருந்தார்கள். பிரான்ஸைப் பிளந்துகொண்டு கடல் வரை ஓடிய டாங்கித் தளபதி கூடேரியன் சுயசரிதை எழுதினார். அதன் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதும் பொறுப்பு கேப்டனுக்கு. 1951-ல் கேப்டன் கூடேரியனுக்கு ஒரு கடிதம் போட்டார். அதன் சாரம் இது: நமக்குள் இவ்வளவு நெருக்கம் இருக்க, முன்னுரையும் நானே எழுத, என் எழுத்திலிருந்து நீங்கள் கற்றதைப் பற்றித் தனியாக ஒன்றும் இல்லையே என்று வாசகர்கள் யோசிக்கக்கூடும். ஆகவே நெடுந்தூரம் பாயும் டாங்கிப் படை, டாங்கியும் காலாட்படையும் சேர்ந்த டிவிஷன், இரண்டையும் வலியுறுத்தியவன் நானே என்று ஒரு வரி சேர்க்கலாமே. கூடேரியன் ஒரு வரி என்ன, ஒரு பத்தியே சேர்த்தார். ஜெர்மன் பதிப்பில் அந்தப் பத்தி கிடையாது. 1952-ல் வந்த ஆங்கிலப் பதிப்பில் ஜம்மென்று இருக்கிறது. பூசாரியே ஒளிந்து நின்று அசரீரி சொன்ன கதை.

நன்றாகவே பலித்தது. 1953-ல் இன்னொரு ஜெர்மன் தளபதி ரோமெலின் குறிப்புகளைத் தொகுத்தார். மான்ஸ்டைன் என்கிற ஜெர்மன் தளபதியின் சுயசரிதைக்கும் முன்னுரை தந்தார். இஸ்ரேல் ராணுவத்தார் 'ஜெனரல்களுக்குப் பாடம் சொன்ன கேப்டன்' என்று கொண்டாடினார்கள். 1966-ல் சர் பட்டம். 1940 மே மாதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 1968-ல் மட்டும் ஒருவர் வாய்விட்டுக் கேட்டார்: அந்தப் பத்தி ஜெர்மனில் காணோமே, ஏன்? கேப்டன் பதில் போட்டார்: என் கோப்பில் அது பற்றி ஒன்றும் இல்லை, சேர்த்த பத்திக்காக நான் நன்றி சொன்னதுதான் இருக்கிறது.

தொல்லை என்னவென்றால், இவர் கோப்பு வைக்கும் ஆசாமி. தனக்கு வந்த கடிதம், தான் அனுப்பிய கடிதத்தின் நகல், சாப்பாட்டு மேசையில் யாரோ சொன்ன வம்பு, எல்லாம் தேதி போட்டு அடுக்கியிருந்தார். 1973-ல் அந்தக் காகித மலை லண்டன் கிங்ஸ் காலேஜுக்குப் போனது. அங்கே இருக்கும் ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு இவர் பெயர்தான். கூடேரியனுக்கு எழுதிய கடிதம் வெளியே வந்துவிட்டது. கென்னத் மேக்ஸி என்பவர் அதைக் கிளப்பினார். அவரும் டாங்கிப் படையிலிருந்து ரிட்டயராகி எழுத வந்தவர், ஒரே தொழில்காரர். 1988-ல் பேராசிரியர் ஜான் மியர்ஷைமர் கேப்டனின் காகிதங்களைக் கொண்டே கேப்டனைத் தோலுரித்து ஒரு புத்தகம் போட்டார்.

ராணுவக் கடிதங்களோடு இன்னொரு சேகரமும் இருந்தது: பெண்களின் ஃபேஷன். ஆடை அலங்காரப் பத்திரிகைகள், படங்கள், இடுப்பை இறுக்கும் கார்செட்டுகளைப் பற்றிய குறிப்புகள் என்று ஆயுள் முழுக்கச் சேர்த்திருந்தார். அது லிவர்பூலுக்குப் போய்ச் சேர்ந்தது. அலெக்ஸ் டான்செவ் 1998-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் கூடேரியனும் வருகிறார், கார்செட்டும் வருகிறது. சுற்றி வளைத்துப் போவது எப்படி என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த மனுஷனுக்கு, ஒரு காகிதத்தைக் கிழித்துப் போட மட்டும் மனசு வரவில்லை.